காரில் குழந்தை சீட்டை எந்த இடத்தில் மாட்டுவது?

மார்த்தாண்டத்திலிருந்து வந்த கேள்வியின் சுருக்கம் இது: வீட்டில் 7 மாதக் கைக்குழந்தையும் 4 வயது மகளும். வண்டி ஐந்து பேர் உட்காரும் ஹேட்ச்பேக். கல்ஃபிலிருந்து வந்த அண்ணன் ஒரு சைல்ட் சீட் கொண்டுவந்திருக்கிறார். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அடிக்கடிப் போகவேண்டியிருக்கிறது. சீட்டை முன்னால் வைப்பதா, பின்னாலா, பின்னால் என்றால் ஓரத்திலா நடுவிலா? பிள்ளையின் அம்மச்சி, "என் மடியில இருக்கட்டும், அது போதும்" என்கிறார். என்ன சொல்வது?

முதலில் நேரடியான பதில். கைக்குழந்தையின் சீட்டுக்குப் பின்சீட்டின் இடது ஓரம். குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி. மகளுக்கு டிரைவருக்குப் பின்னால், வலது ஓரம். முன்சீட் இருவருக்குமே வேண்டாம். நடு இடத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன். மடி கூடவே கூடாது.

மடியை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் சைல்ட் சீட் பரணில் கிடப்பதற்குக் காரணமே அதுதான். 7 மாதக் குழந்தை சுமார் 8 கிலோ. வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலோ மோதி 0.1 விநாடியில் நிற்கிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் விசை 110 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம். அதுவும் சராசரிதான், உச்சத்தில் இன்னும் கூடும். அம்மச்சியின் கைக்குப் பாசம் குறைவில்லை, ஆனால் எந்த மனிதக் கைக்கும் அந்த வலு கிடையாது. குழந்தை கையைவிட்டுப் போகும். அம்மச்சி பெல்ட் போடாதிருந்தால் அவரும் அதன்மேல் போய் விழுவார். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம், பெரியவரின் முழு எடையும் குழந்தையைப் பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும். அம்மச்சியிடம் சட்டத்தையும் சொல்லலாம்: 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தைக்கான சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். ஆனால் அவருக்கு அந்த 110 கிலோ கணக்குதான் சீக்கிரம் புரியும்.

அடுத்து முன்சீட். 2021 ஏப்ரல் 1 முதல் அறிமுகமாகும் புதிய கார் மாடல்களில் முன்னால் உட்காரும் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். ஆகவே ஓரளவு புதிய வண்டி எதுவானாலும் இடது முன்சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டுக்குள் ஓர் ஏர்பேக் மடிந்திருக்கிறது. மோதும்போது அது கண் இமைப்பதற்குள், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியே வரும். பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டை அங்கே வைத்தால், சீட்டின் முதுகு, அதாவது குழந்தையின் தலை இருக்கும் பக்கம், டேஷ்போர்டை ஒட்டி நிற்கும். ஏர்பேக் நேராக அதன்மேல்தான் மோதும். பயணி பக்கத்துச் சன்வைசரில் குழந்தை சீட்டின் படம் போட்டுச் சிவப்புக் கோடு அடித்திருப்பது இதைத்தான் சொல்கிறது. சில வண்டிகளில் டேஷ்போர்டின் இடது ஓரத்தில் சாவி போட்டு ஏர்பேக்கை அணைக்கும் சுவிட்ச் உண்டு. உங்கள் வண்டியில் அது இருந்தாலும், பின்சீட் காலியாக இருக்கும்போது முன்னால் வைக்க ஒரு காரணமும் இல்லை. இரண்டு பேர் மட்டும் உட்காரும் பிக்கப் போன்ற வண்டிக்குத்தான் அந்த ஏற்பாடு.

எந்த இடம் என்பதைவிட எந்தத் திசை என்பது பெரிய விஷயம். குழந்தையின் தலை உடலின் நீளத்தில் கால் பங்கு. பெரியவர்களுக்கு ஏழில் ஒன்றோ எட்டில் ஒன்றோதான். கழுத்தெலும்பு இன்னும் முற்றவில்லை, தசைநார்கள் இளக்கமானவை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது நேருக்குநேர் மோதினால், தோளையும் இடுப்பையும் வார் பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க ஒன்றுமில்லை. கழுத்து அந்தத் தலையைத் தாங்கி இழுபடும். பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு ஒரே நேரத்தில் உள்ளங்கைபோல் ஏந்திக்கொள்ளும். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரையிலான பழைய நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். நடுவில் தடுப்பு இல்லாத நீண்ட பகுதிகள், வளைவில் முந்தி வரும் பஸ். பயப்படவேண்டியது நேருக்குநேர் மோதலுக்குத்தான்.

"பின்னாலிருந்து இடித்தால்?" என்று எல்லாரும் கேட்பதுண்டு. பின்னால் வரும் வண்டியும் நாம் போகும் திசையிலேயே வருகிறது, வேக வித்தியாசம் குறைவு, அதனால் குழந்தைமேல் வரும் அடியும் குறைவு. எதிரே வரும் வண்டியோடு மோதும்போது இரண்டு வேகமும் கூடுகிறது. அதனால் முகம் பின்பக்கம் இருப்பதே மேல்.

எத்தனை வயது வரை? குழந்தை சீட்டுகளுக்கான ஐரோப்பாவின் ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் என்று கட்டாயமாக்குகிறது. சுவீடனில் 4 வயது வரைகூட அப்படித்தான் உட்காரவைக்கிறார்கள். அந்த சீட்டின் எடை, உயர வரம்பு தாண்டும் வரை திருப்பவேண்டாம் என்பதே நல்ல கணக்கு. கால் முன்னால் இடிக்கிறது என்பது திருப்புவதற்குக் காரணம் ஆகாது. பிள்ளைகள் சம்மணம் போட்டோ காலை மேலே தூக்கியோ சுகமாக உட்காருவார்கள். தலையின் உச்சிக்கும் சீட்டின் மேல் விளிம்புக்கும் நடுவே 2.5 சென்டிமீட்டர்கூட இல்லை என்னும்போதுதான் அந்த சீட் போதாமல் போகிறது.

இனி பின்சீட்டில் நடுவா ஓரமா.

பக்கவாட்டில் வந்து இடிக்கும் வண்டியிலிருந்து இரண்டு கதவுக்கும் தூரமாக இருப்பது நடு இடம். அமெரிக்காவில் 2008ல் வெளியான ஓர் ஆய்வில், 3 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, சீட்டில் சரியாகக் கட்டப்பட்டிருந்த நிலையில், ஓரத்தைவிட நடுவில் காயம்படும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு என்று வந்தது. அப்படியிருக்க ஏன் இடது ஓரம் என்கிறேன்? நம் ஊரில் ஓடும் ஹேட்ச்பேக்குகளில் நடு இடம் பெரும்பாலும் சீட் மாட்டுவதற்கு ஏற்றதாக இல்லை. மூன்று குறைகள். ஐசோஃபிக்ஸ் கம்பிகள், அதாவது பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டைப் பூட்ட வண்டியிலேயே பொருத்தியிருக்கும் இரும்புக் கம்பிகள், இரண்டு ஓரங்களுக்குத்தான் இருக்கும், நடுவில் இருக்காது. சற்றுப் பழைய வண்டிகளில் நடுவில் இடுப்பைச் சுற்றும் பெல்ட் மட்டுமே இருக்கும். தோள்பட்டைக்கு மேல் வரும் மூன்றுமுனைப் பெல்ட் இருக்காது, பெல்ட்டில் மாட்டும் பெரும்பாலான குழந்தை சீட்டுகளுக்கு அது தேவை. மூன்றாவது, நடுவில் சீட்டே மேடாகப் புடைத்திருக்கும், கீழே தரையும் எழும்பியிருக்கும். சீட்டின் அடிப்பாகம் அந்த மேட்டின்மேல் ஆடும் பலகைபோல் இரண்டு பக்கமும் சாயும். ஆடும் சீட்டை நடுவில் வைப்பதைவிட, ஆடாத சீட்டை ஓரத்தில் வைப்பது பலமடங்கு நல்லது.

ஒரு தப்பை இங்கே சொல்லியாகவேண்டும். இடது ஓரத்தின் உள்பக்கக் கம்பியையும் வலது ஓரத்தின் உள்பக்கக் கம்பியையும் பிடித்து நடுவில் ஐசோஃபிக்ஸ் சீட்டை மாட்டிவிடலாம் என்று சிலர் முயல்வார்கள். ஒரு சீட்டுக்கான இரண்டு கம்பிகளுக்கும் இடையே மையத்திலிருந்து மையத்துக்கு 280 மில்லிமீட்டர் என்பது கணக்கு. உள்பக்கக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே அந்த அளவு வராது. வளைத்து நெளித்து மாட்டினால் மாட்டாமல் விட்டதுபோலத்தான். உங்கள் வண்டியில் நடுவில் மூன்றுமுனைப் பெல்ட் இருந்து, சீட் மட்டமாகவும் இருந்து, ஒரே குழந்தைக்கு மட்டும் சீட் வைக்கிறீர்கள் என்றால் நடுவில் பெல்ட் போட்டு மாட்டிப் பாருங்கள். அசையாமல் நின்றால் அதுவே முதல் தேர்வு. உங்களுக்கு இரண்டு பிள்ளைகள் என்பதால் இரண்டு ஓரமும்தான் ஏற்பாடு.

இரண்டு ஓரங்களில் இடது ஏன் கைக்குழந்தைக்கு? நாம் சாலையின் இடதுபுறம் ஓட்டுகிறோம். நிறுத்தும்போது இடதுகதவு கடைத்திண்ணைப் பக்கம் திறக்கும், வலதுகதவு ஓடும் வண்டிகளுக்குள் திறக்கும். குழந்தையை உட்காரவைத்து வார் மாட்ட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவரை உடம்பை வளைத்து முதுகைச் சாலைக்குக் காட்டி நிற்கவேண்டும். செட்டிகுளம் சந்திப்பிலோ வடசேரியிலோ மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியிலோ வலதுபக்கத்தில் அப்படி நிற்க யாராலும் முடியாது. இன்னொரு காரணம், பின்பக்கம் பார்த்த சீட்டுக்கு முன்சீட்டை முன்னால் தள்ளவேண்டியிருக்கும். டிரைவர் சீட்டைத் தள்ளினால் பெடலில் முழங்கால் இடிக்கும், ஓட்டுவதே ஆபத்தாகும். பயணி சீட்டைத் தள்ளலாம். ஆனால் அங்கே உட்காருபவரின் நெஞ்சுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் விடவேண்டும். உயரம் குறைந்தவர் முன்னால் உட்காருவது நல்லது. உங்கள் வீட்டில் அது அம்மச்சியாக இருக்கலாம். அம்மா பின்னால் நடுவில். நடுவில் இடுப்புப் பெல்ட் மட்டும்தான் என்றாலும் அதைப் போட்டே ஆகவேண்டும். இரண்டு சீட்டும் போக மிஞ்சும் இடம் குறுகலாகத்தான் இருக்கும். பெல்ட் மாட்ட முடியாத அளவு நெருக்கினால் நீண்ட பயணத்துக்கு அந்த நடு இடத்தைக் காலியாக விடுங்கள்.

இப்போது சீட்டை மாட்டும் வேலை. வண்டியின் கையேட்டைத் திறந்து, எந்த இருக்கையில் எந்தவகைக் குழந்தை சீட் என்ற அட்டவணையைத் தேடுங்கள். 'யூ' என்று போட்டிருந்தால் பெல்ட்டில் மாட்டும் பொதுவகை சீட் எதுவும் சரி. 'யூஎஃப்' என்றால் முன்பக்கம் பார்த்தவை மட்டும். 'எக்ஸ்' என்றால் அந்த இடம் குழந்தை சீட்டுக்கே ஆகாது. இரண்டு நிமிட வேலை.

பிறகு சீட் கவரைப் பாருங்கள். வண்டி வாங்கிய வாரமே லெதர் கவரும் தடித்த ஃபோமும் போட்டுவிடுவது இங்கே வழக்கம். ஐசோஃபிக்ஸ் கம்பிகள் பின்சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் இருக்கின்றன. கவர் தைத்தவர் அதை மூடியிருப்பார். பெல்ட்டின் பக்கிளும் கவருக்கு அடியில் போயிருக்கும். இடுக்கில் விரலை விட்டுத் தடவினால் பென்சில் பருமனில், அசையாமல் குறுக்கே நிற்கும் ஓர் இரும்புக் கம்பி கைக்குத் தட்டுப்படும். அதன் எதிரே கவரை வெட்டித் தைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் செய்துகொடுப்பார்கள். வழுக்கும் ரெக்சின் கவரும் அடியில் ஃபோமும் இருந்தால், இன்று இறுக்கிய சீட் அடுத்த மாதம் தளர்ந்திருக்கும். முடிந்தால் அந்த ஓரத்துக்குக் கவரே இல்லாமல் விடுவது மேல்.

ஐசோஃபிக்ஸ் கைகள் இரண்டும் கம்பியில் பிடித்ததும் இரண்டு பக்கமும் 'கிளிக்' கேட்கவேண்டும், இரண்டு பக்கமும் சிவப்பு போய்ப் பச்சை தெரியவேண்டும். ஒரு பக்கம் பச்சை போதாது. குழந்தையின் எடையும் சீட்டின் எடையும் சேர்த்து 33 கிலோ வரைதான் இந்தக் கம்பிகளுக்குக் கணக்கு. இரண்டு கம்பி மட்டும் பிடித்தால் மோதும்போது சீட் அதை அச்சாக வைத்து முன்னால் கவிழும். அதைத் தடுக்கத் தரையில் ஊன்றும் சப்போர்ட் லெக்கோ, முதுகுக்குப் பின்னால் இழுத்துக் கட்டும் டாப் டெதர் வாரோ இருக்கும். உங்கள் சீட்டில் எது இருக்கிறதோ அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

சப்போர்ட் லெக் விஷயத்தில் நடக்கும் தவறு தரைவிரிப்பில். சோபாபோல் மெத்தென்று இருக்கும் தடித்த விரிப்பின்மேல் கால் ஊன்றினால் முதல் நாள் இறுக்கமாகத் தோன்றும். நாள் போகப்போக விரிப்பு அமுங்கி, கால் வெறுமே தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் விரிப்பை எடுத்துவிட்டு உறுதியான தரையில் ஊன்றுங்கள். அதேநேரம் கால் அதிகமாக நீண்டு சீட்டின் அடிப்பாகத்தையே மேலே தூக்கிவிடவும் கூடாது. தரைக்கு அடியில் சாமான் வைக்கும் பெட்டி உள்ள வண்டி என்றால் அதன் மூடியின்மேல் காலை ஊன்றக்கூடாது, மூடி தாங்காது. டாப் டெதர் என்றால், அதைப் பிடிக்கும் கொக்கி பின்சீட்டின் முதுகுப்புறத்திலோ டிக்கித் தரையிலோ நங்கூரப் படத்தோடு இருக்கும். பக்கத்திலேயே சாமான் கட்டுவதற்கு ஒரு மெல்லிய வளையமும் இருக்கலாம், அதில் மாட்டிவிடாதீர்கள். வார் ஹெட்ரெஸ்ட்டின் அடியில் போகவேண்டுமா மேலே போகவேண்டுமா என்று கையேடு சொல்லும். டிக்கிக்கு மேலுள்ள தட்டு வாருக்கு இடைஞ்சலாக இருந்தால் தட்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.

இனி கல்ஃபிலிருந்து வந்த சீட். முதலில் அதன் பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். ஆரஞ்சு நிறத்தில், வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஓர் எண்ணும் இருந்து, ஆர்44/04 என்றோ ஆர்129 என்றோ போட்டிருந்தால் ஐரோப்பிய விதிப்படி செய்தது. ஆர்44 எடையைப் பார்க்கும்: 13 கிலோ வரை, 9 முதல் 18, 15 முதல் 25, 22 முதல் 36 என்று பிரிவுகள். ஆர்129 குழந்தையின் உயரத்தைப் பார்க்கும். நம் நாட்டுத் தரம் ஏஐஎஸ்-072. எஃப்எம்விஎஸ்எஸ் 213 என்று இருந்தால் அமெரிக்க சீட். அதுவும் நல்ல சீட்டாகவே இருக்கும், ஆனால் அதை மாட்டுவதில் ஒரு கண்ணி இருக்கிறது.

அமெரிக்க வண்டிகளின் பின்சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து விட்டால், அது உள்ளே மட்டும் போகும், வெளியே வராது, அப்படிப் பூட்டிக்கொள்ளும். அமெரிக்க சீட்டின் கையேடு அந்தப் பூட்டை நம்பியே எழுதப்பட்டிருக்கும். நம் வண்டிகளின் பெல்ட் பெரும்பாலும் அப்படியல்ல. மெதுவாக இழுத்தால் எவ்வளவும் வரும், சட்டென்று இழுத்தால் அல்லது பிரேக் போட்டால்தான் பூட்டும். ஆகவே கையேட்டின்படி மாட்டி இறுக்கினாலும் ஒவ்வொரு வளைவிலும் பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். இதற்காகத்தான் சீட்டில் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் தாழ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். சில அமெரிக்க சீட்டுகளோடு ஆங்கில 'எச்' எழுத்து வடிவில் ஓர் இரும்புக் கிளிப் வரும். அதைப் பெல்ட்டில் போட்டுப் பூட்டவேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த சீட்டை ஐசோஃபிக்ஸ் கம்பியில் மாட்டும் வழியில் மட்டும் பயன்படுத்துங்கள்.

பெல்ட்டில் பின்பக்கம் பார்த்தபடி மாட்டும் முறை இது. சீட்டை வைத்து அடிப்பாகம் மட்டமாகப் பதிகிறதா பாருங்கள். பெல்ட்டை முழுக்க இழுத்துக்கொண்டு, இடுப்புப் பகுதியை நீல நிற வழிகாட்டிகளுக்குள் விட்டுப் பக்கிளில் மாட்டுங்கள். நீலம் பின்பக்கம் பார்த்த நிலைக்கு, சிவப்பு முன்பக்கம் பார்த்த நிலைக்கு. மாற்றிவிட்டால் எல்லாம் போச்சு. ஒரு கையை குழந்தை உட்காரும் குழியில் வைத்து உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்தி, மறு கையால் தோள்பகுதிப் பெல்ட்டை மேல்நோக்கி இழுங்கள். இடுப்புப் பகுதியிலுள்ள தளர்வு 'சர்'ரென்று ஒரு சாண் அளவு வெளியே வரும். மறுபடி அழுத்தி மறுபடி இழுத்தால் விரலிடை வரும், மூன்றாம் முறை ஒன்றும் வராது. அதன்பிறகு தோள்பகுதியைச் சீட்டின் முதுகைச் சுற்றி நீலக் கொக்கியில் போட்டுத் தாழைப் பூட்டுங்கள். இப்போது பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் அசையுங்கள். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் ஆடினால் கழற்றி மீண்டும் மாட்டவேண்டும். சோதனையை மேல்விளிம்பைப் பிடித்துச் செய்யாதீர்கள், பின்பக்கம் பார்த்த சீட்டின் மேல்பகுதி கொஞ்சம் ஆடுவது இயல்பு. எவ்வளவு இழுத்தும் இறுகவில்லையென்றால் பக்கிளைப் பாருங்கள். சில வண்டிகளில் பக்கிளின் தண்டு நீளமாக இருந்து, பக்கிள் சீட்டின் விளிம்பில் மடங்கி அமர்ந்துவிடும். இறுகாததோடு அடி விழும்போது உடையவும் திறக்கவும் கூடும். அந்த இடம் அந்த சீட்டுக்கு ஆகாது. மறு ஓரத்தில் முயன்று பாருங்கள்.

பழையது என்றால் தயாரித்த தேதியையும் பாருங்கள். பிளாஸ்டிக்கில் கடிகாரம்போல் வட்டமும் அம்பும் வார்த்திருக்கும். தயாரிப்பாளர் தரும் ஆயுள் பொதுவாக 6 முதல் 10 ஆண்டுகள். ஒரு விபத்தைக் கண்ட சீட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

சாய்வுக் கோணம் கைக்குழந்தைக்கு மூச்சோடு சம்பந்தப்பட்டது. மோவாய் நெஞ்சில் பட்டால் மூச்சுக்குழல் மடங்கும். பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 45 டிகிரி சாய்வு, கழுத்து நின்ற 7 மாதக் குழந்தைக்குக் கொஞ்சம் நிமிர்ந்திருக்கலாம். சீட்டின் பக்கத்தில் கோடோ குமிழோ காட்டும். அதைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். நம் ஊர் வீடுகளின் போர்டிகோ பெரும்பாலும் மழைத்தண்ணீர் வடிய ரோட்டுப் பக்கம் சரிந்திருக்கும், அங்கே வைத்த கோணம் தப்பும். கைக்குழந்தையை ஒரே மூச்சில் 2 மணி நேரத்துக்கு மேல் சீட்டில் வைத்திருக்கவேண்டாம். மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் சுமார் 40 கிலோமீட்டர்தான், ஆனால் பாலராமபுரம் பக்கம் நெரிசலில் மாட்டினால் நேரம் இழுக்கும். நடுவில் ஒருமுறை இறக்கித் தூக்கிக்கொள்ளுங்கள்.

வார் பின்பக்கம் பார்த்த சீட்டில் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வரவேண்டும். முன்பக்கம் பார்த்ததில் தோளுக்குச் சமமாகவோ சற்று மேலிருந்தோ. இறுக்கியபின் தோளின்மேல் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு கையில் வந்தால் இன்னும் இறுக்கவேண்டும். குழந்தையைத் துவர்த்தில் (துண்டில்) சுற்றி அப்படியே உட்காரவைத்து மேலே வார் போடுவதைப் பல வீடுகளில் செய்கிறார்கள். மோதும்போது துணி அமுங்கி வார் தளர்ந்துபோகும். முதலில் வார், அதன்மேல் துவர்த்து. அரைஞாணில் தாயத்தோ காசோ கோத்திருந்தால் அது பக்கிளின் அடியில் சிக்காமல் முதுகுப்பக்கம் தள்ளிவிடுங்கள், வயிற்றில் ஆழமாகக் குத்தும். கழுத்துக்கு அணைவாகத் தனியாக வாங்கிய தலையணை எதுவும் வேண்டாம், சீட்டோடு வந்தது மட்டும் போதும். காருக்குள் கைப்பிடியிலிருந்து கைப்பிடிக்குத் தொட்டில் கட்டுவதும் வேண்டாம்.

மகளுக்கு வருவோம். 4 வயதில் 15, 16 கிலோ இருப்பாள். 18 கிலோ வரை தாங்கும் வார் உள்ள முன்பக்கம் பார்த்த சீட் இருந்தால் அதிலேயே இருக்கட்டும். வண்டி ஏறியதும் தூங்கிச் சரியும் பிள்ளை என்றால் நிச்சயமாக வார்தான். நிமிர்ந்து உட்காரும் பிள்ளைக்கு முதுகு உயர்ந்த பூஸ்டர். பூஸ்டரின் வேலை பிள்ளையை உயர்த்திப் பெரியவர்கள் பெல்ட்டைச் சரியான இடத்தில் பதியவைப்பது மட்டுமே. இடுப்புப் பகுதி தொடையோடு சேரும் எலும்பின்மேல் தாழ்ந்து இருக்கவேண்டும், வயிற்றின்மேல் ஏறக்கூடாது. தோள்பகுதி கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில். பூஸ்டர் இல்லாமல் பெரியவர்கள் பெல்ட் மட்டும் போட்டால் பிள்ளை கீழே வழுக்கி, பெல்ட் வயிற்றுக்குள் இறங்கும். குடலும் மண்ணீரலும் காயப்படுவது அப்படித்தான். தோள்பகுதி கழுத்தில் உரசுகிறது என்று அதைக் கக்கத்தின் அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ போடுவது இன்னும் கெடுதல். பூஸ்டருக்கு மூன்றுமுனைப் பெல்ட் கட்டாயம், ஆகவே அதை நடு இடத்து இடுப்புப் பெல்ட்டில் வைக்கவேண்டாம். ஏறத்தாழ 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பூஸ்டர் தேவைப்படும். 10 வயதிலும் தேவைப்படலாம்; பிள்ளைக்கு வெட்கமாக இருந்தால் சேர்ந்து உட்கார்ந்து பெல்ட் எங்கே பதிகிறது என்று காட்டுங்கள்.

வேறு வண்டிகளில் போகும்போது: மூன்று வரிசை வண்டி என்றால் நடுவரிசைதான். மூன்றாம் வரிசைக்குப் பின்கண்ணாடி கைக்கெட்டும் தூரம். பொலிரோ, சுமோ போன்றவற்றில் பக்கவாட்டில் பார்த்திருக்கும் பின்பெஞ்சில் எந்தக் குழந்தை சீட்டும் மாட்டமுடியாது. கல்யாணத்துக்கோ விமான நிலையத்துக்கோ வாடகை வண்டி பேசும்போதே, "பின் சீட்டுல பெல்ட்டும் பக்கிளும் வெளிய எடுத்து வச்சிருங்கண்ணே" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றபின் கவருக்கடியில் பக்கிளைத் தேட யாருக்கும் பொறுமை இருக்காது, அன்றைக்குக் குழந்தை மடிக்குப் போய்விடும். இதற்காகவே ஐசோஃபிக்ஸ் மட்டும் உள்ளதைவிட பெல்ட்டிலும் மாட்டத்தக்க சீட் நல்லது.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் போய்த் திரும்பும்போது டிக்கியில் சக்கையும் (பலாப்பழம்) மட்டி வாழைக்குலையும் ஏறும். 10 கிலோ சக்கை, மேலே சொன்ன அதே கணக்கில், 140 கிலோ விசையோடு முன்னால் பாயும். அதற்கும் பிள்ளைகளின் தலைக்கும் நடுவே இருப்பது பின்சீட்டின் முதுகு மட்டும்தான். பாரத்தை டிக்கித் தரையில், சீட்டின் முதுகை ஒட்டி வையுங்கள். ஒரு பக்கம் சீட்டை மடக்கி நீளமாகச் சாமான் வைத்து, மறுபக்கம் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள்.

வெயிலில் நிறுத்திய வண்டியில் பக்கிளின் இரும்பு நாக்கு பிள்ளையின் தொடையைச் சுட்டுப் பழுக்கவைக்கும். நிறுத்தும்போது சீட்டின்மேல் வெள்ளைத் துணி போட்டுவிட்டு, ஏற்றும் முன் நாக்கைத் தொட்டுப் பாருங்கள். மத்தியானத்துக்குமேல் திருவனந்தபுரம் பக்கம் போனால் வெயில் இடதுகண்ணாடி வழியாகக் குழந்தைமேல்தான் விழும், அந்தக் கண்ணாடிக்கு ஒரு வலை வேண்டும். பிள்ளை தூங்குகிறது என்று வண்டியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவது ஒரு நிமிடத்துக்குக்கூட வேண்டாம். மூடிய வண்டிக்குள் 10 நிமிடத்தில் 10 டிகிரி வரை சூடு ஏறும்.

நம் மாவட்டத்துக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. ஈரம் ஏறிய சீட்டில் பூஞ்சை பிடிக்கும். துணிக்கவரைக் கழற்றித் துவைக்கலாம். வாரை ஊறவைக்கவோ பிளீச் போடவோ கூடாது, நூலின் வலு போகும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். முட்டம், சொத்தவிளைக் கடற்கரைக்குப் போய்வந்தால் பிள்ளையின் உடம்போடு வரும் மணல் பக்கிளுக்குள் இறங்கும். ஒருநாள் மாட்டும்போது 'கிளிக்' மந்தமாகக் கேட்கும், அல்லது சிவப்புப் பொத்தான் அழுத்தியபின் மேலே எழும்பாமல் பாதியில் நிற்கும். தேங்காய் எண்ணெயோ இயந்திர எண்ணெயோ விடாதீர்கள், மணல் அதில் ஒட்டிப் பசையாகும். கையேடு அனுமதித்தால் பக்கிளை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, பொத்தானைப் பலமுறை அழுத்தி மணலை வெளியேற்றி உலரவிடுங்கள். உலர்ந்தபின் ஐந்துமுறை மாட்டிக் கழற்றுங்கள். ஐந்துமுறையும் சத்தம் தெளிவாகக் கேட்டு, இழுத்தாலும் விடாமல் பிடித்தால் பிள்ளையை உட்காரவைக்கலாம். ஒருமுறை தவறினாலும் பக்கிளை மாற்றும்வரை அந்த சீட் வேண்டாம்.